பர்மா தேக்கு முதல் எம்-சாண்ட் வரை: சென்னையின் சின்ன பில்டர்கள் பிழைத்த கதை

சப்ளை செயின் என்று சொன்னாலே நம் வகுப்பில் பாதிப் பேருக்கு டொயோட்டாதான் ஞாபகம் வரும். வேண்டிய பொருள் வேண்டிய நேரத்துக்கு வந்தால் போதும், கிடங்கில் அடுக்கி வைக்காதே என்று உலகத்துக்கே பாடம் எடுத்த கம்பெனி. 2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து சில்லு கிடைக்காமல் கார் தயாரிப்பே தடுமாறிய பிறகு, அவர்களே முக்கியமான பாகங்களைக் கொஞ்சம் கையிருப்பு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தேர்வுக்கு ஐந்து மார்க் நிச்சயம்.

ஆனால் மயிலாப்பூர் மாட வீதிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில், ஒரு கிரவுண்டில் நாலு ஃபிளாட் கட்டுகிறவருக்கு இந்தப் பாடம் எந்த அளவுக்கு உதவும்? கையிருப்பு வைத்துக்கொள் என்றால் அவர் எங்கே வைப்பார்? மணலைத் தெருவில் கொட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் மாநகராட்சிக்குப் புகார் கொடுப்பார். சிமெண்டை மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபடி சோதித்துப் பார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. ஜல்லி லாரி பகலில் ஊருக்குள் வர முடியாது, ராத்திரிதான். அப்படியென்றால் இந்த ஊரின் சின்ன பில்டர்கள் இத்தனை வருடமாகத் தட்டுப்பாட்டை எப்படித் தாங்கினார்கள்? இதற்குப் பதில் தேடிப் போனால் கொஞ்சம் பழைய கதைக்குள் போக வேண்டியிருக்கிறது. வாருங்கள், போவோம்.

முதலில் சுண்ணாம்பு. சிமெண்ட் வருவதற்கு முன் சென்னை கட்டப்பட்டது செங்கல்லாலும் சுண்ணாம்பாலும்தான். செங்கல் ஊருக்குப் பக்கத்திலேயே சுட்டார்கள். சூளை, சூளைமேடு என்ற பெயர்களைக் கேட்டாலே புரியும். சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வேண்டும். அது பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கத்து உப்பங்கழிகளில் கிடைத்தது. விறகு, உப்பு எல்லாம் வந்த மாதிரியே கிளிஞ்சலும் பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி வந்தது. இன்று மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கம் பறக்கும் ரயில் தூண்களுக்கு நடுவே மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அதே கால்வாய்தான். 1806-இல் எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்தது மெல்ல மெல்ல நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை 1876-78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர்தான் கால்வாய்க்கு. பஞ்சத்தில் பிழைக்க வந்தவர்கள் தோண்டிய பள்ளத்தில்தான் தென்சென்னையின் சுவர்களுக்கான சரக்கு மிதந்து வந்தது என்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

இன்னொரு சுவாரசியம். இந்தியாவில் சிமெண்ட் செய்யும் ஆரம்பகால முயற்சிகளில் ஒன்று நடந்தது வேறெங்குமில்லை, 1904-இல் நம் சென்னையில். மூலப்பொருள் அதே கடற்சிப்பிதான். அந்தத் தொழிற்சாலை நிலைக்கவில்லை. 1914-இல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கியதுதான் தொடர்ந்து நடந்தது.

இப்போது தி.நகருக்கு வருவோம். மயிலாப்பூர் ஏரி என்ற நீண்ட ஏரியைத் தூர்த்து 1920-களில் உருவான பகுதி அது. தெருக்களின் பெயர்களிலேயே நீதிக்கட்சியின் வரலாறு படிக்கலாம். அந்தக் காலத்து தி.நகர், மயிலாப்பூர் வீடுகளில் மேலே நிமிர்ந்து பார்த்தால் தேக்குச் சட்டங்கள் வரிசையாகத் தெரியும். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாகச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புச் சாந்து பூசி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கடுக்காயும் வெல்லமும் போட்டு அடித்து இறுக்குவார்கள். இதற்குப் பெயரே மெட்ராஸ் டெரஸ். செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார் எல்லாம் உள்ளூர். தேக்கு மட்டும் பெரும்பாலும் கப்பலில் பர்மாவிலிருந்து வந்தது.

1942 மார்ச்சில் ஜப்பானியர்கள் ரங்கூனைப் பிடித்தார்கள். தேக்குக் கப்பல் நின்றது. அடுத்த மாதம் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. குண்டுக்குப் பயந்து சென்னை நகரமே காலியாயிற்று. வீடு கட்டும் வேலை எல்லாம் இதில் எந்த மூலைக்கு! ஆனால் போர் முடிந்த பிறகும் பர்மா மரம் பழைய மலிவில், பழைய அளவில் திரும்பி வரவில்லை. கம்பியும் சிமெண்டும் சேர்ந்த கான்கிரீட் தளம் ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்தது, அது அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. மெட்ராஸ் டெரஸ் அடிக்கத் தெரிந்த கை படிப்படியாகக் குறைந்துபோனது. சப்ளை அறுந்தால் போவது பொருள் மட்டுமல்ல, அந்தப் பொருளைக் கையாளத் தெரிந்த ஆளும்தான். இதை நம் பாடப்புத்தகம் சொல்வதில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வீட்டுக்காரர்தான் பொருள் வாங்கிக் கொடுப்பார். மேஸ்திரி ஆள் கொண்டுவந்து வேலை செய்வார், வாரக் கூலி வாங்குவார். இன்றும் லேபர் காண்ட்ராக்ட் என்று இருக்கிறதே, அதுதான். ஆகவே தேக்கு வரவில்லை என்றால் தவிப்பது வீட்டுக்காரர். மேஸ்திரிக்கு வேலை போகும், ஆனால் கடன் ஏறாது. கணக்குப் பாடம் படிக்கிற நமக்கு இந்த வித்தியாசம் முக்கியம். ரிஸ்க் யார் தலையில் இருந்தது என்பதுதான் இந்தக் கதையின் முதுகெலும்பு.

அடுத்த கட்டம் சிமெண்ட் பெர்மிட். இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் யாருக்கும் இது நம்பமுடியாத கதையாக இருக்கும். போர்க்காலத்தில் சிமெண்டுக்கு வந்த கட்டுப்பாடு சுதந்திரத்துக்குப் பிறகும் போகவில்லை. 1956-இல் விநியோகம் அரசின் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் கைக்குப் போனது. 1966 தொடக்கத்தில் கட்டுப்பாட்டை எடுத்தார்கள், 1968 தொடக்கத்தில் மறுபடி போட்டார்கள். விலையை அரசு நிர்ணயிக்கும், யாருக்கு எத்தனை மூட்டை என்பதையும் அரசு நிர்ணயிக்கும். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி வாங்கி, அதைக் காட்டி மனுப் போட்டு, பெர்மிட் வந்த பிறகு கடைக்குப் போனால் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்பார்கள்.

தமிழ்நாட்டில் சுண்ணாம்புக்கல்லுக்குப் பஞ்சமில்லை. மதுக்கரையிலும் டால்மியாபுரத்திலும் 1930-களிலேயே ஆலை வந்துவிட்டது. தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் 1949-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1960-களில் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் (இன்றைய ராம்கோ), செட்டிநாடு சிமெண்ட் எல்லாம் வந்தன. அரசே டான்செம் மூலம் ஆலங்குளத்திலும் அரியலூரிலும் ஆலை நடத்தியது. அப்புறம் ஏன் தட்டுப்பாடு? கட்டுப்படுத்திய விலையில் புது ஆலை கட்டினால் போட்ட முதல் திரும்பாது என்று யாரும் பெரிதாக முதலீடு செய்யவில்லை. வீடு கட்டுவோர் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பிறகென்ன, கள்ளச்சந்தைதான். சாம்பல் கலந்த சிமெண்ட் என்பது அந்தக் காலத்து மக்களின் நிரந்தரப் புகார். (இன்று நாம் கடையில் கேட்டு வாங்கும் பிபிசி சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை நிலக்கரிச் சாம்பல் இருக்கலாம் என்று தர நிர்ணயமே சொல்கிறது! அன்று கலப்படம், இன்று கலவை. சரியான சாம்பலை, சரியான அளவில், ஆலையிலேயே அரைத்துக் கலப்பதுதான் வித்தியாசம்.)

பெர்மிட் எவ்வளவு பெரிய அதிகாரம் என்பதற்கு ஒரு உதாரணம். மகாராஷ்டிர முதல்வர் அந்துலே தொடங்கிய டிரஸ்டுக்கு பில்டர்கள் கொடுத்த நன்கொடைக்கும் அவர்களுக்குக் கிடைத்த சிமெண்ட் ஒதுக்கீட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் 1982 ஜனவரியில் சொன்னது. அவர் பதவி விலகினார். யோசித்துப் பாருங்கள், ஒரு முதல்வரின் நாற்காலியைச் சிமெண்ட் மூட்டை கவிழ்த்திருக்கிறது. அடுத்த மாதமே, 1982 பிப்ரவரி கடைசியில், மத்திய அரசு பாதிக் கட்டுப்பாட்டை எடுத்தது. உற்பத்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை பழைய ஆலைகள் லெவி விலைக்குக் கொடுக்க வேண்டும், மீதியை வெளிச்சந்தையில் விற்கலாம். 1989 மார்ச்சில் முழுக் கட்டுப்பாடும் போனது.

இதே வருடங்களில்தான் மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் தனி வீடுகள் இடிந்து ஃபிளாட்டுகள் எழுந்தன. தாத்தா கட்டிய வீடு, மூன்று பிள்ளைகள், ஒருவர் அமெரிக்காவில். பிரமோட்டர் வந்து "நிலம் உங்களுது, கட்டடம் எங்களுது, பாதிப் பாதி" என்பார். வேலை முடிந்தது. நான் பார்த்தவரையில் சிமெண்ட் தாராளமாகக் கிடைக்காமல் இந்த வியாபாரம் பிறந்திருக்கவே முடியாது. ஒவ்வொரு மூட்டைக்கும் பெர்மிட் கேட்டு நிற்கிறவர் பதினெட்டு மாதத்தில் சாவி தருகிறேன் என்று யாரிடம் அட்வான்ஸ் வாங்க முடியும்?

ஆனால் இங்கேதான் ரிஸ்க் கைமாறியது. சதுர அடிக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே விலை பேசிவிட்டார்கள். சிமெண்ட் ஏறினாலும் மணல் ஏறினாலும் பில்டர் பொறுப்பு. பெரிய கம்பெனிக்கு இது பிரச்னையில்லை. ஆலையோடு வருட ஒப்பந்தம் போடும், சொந்தமாக ரெடிமிக்ஸ் பிளாண்ட் வைக்கும். சின்ன பில்டர்?

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான். 2,000 சதுர அடி, அடிக்கு 2,400 ரூபாய், மொத்தம் 48 லட்சம். லாபம் பத்து சதவீதம் என்றால் 4 லட்சத்து 80 ஆயிரம். பொருள் செலவு அறுபது சதவீதம் என்றால் 28 லட்சத்து 80 ஆயிரம். பொருள் விலை மொத்தத்தில் வெறும் 15 சதவீதம் ஏறினால் கூடுதல் செலவு 4 லட்சத்து 32 ஆயிரம். மிச்சம் 48 ஆயிரம் ரூபாய். ஒன்றரை வருட உழைப்புக்கு! இதில் வேலை மூன்று மாதம் நின்று வட்டியும் சேர்ந்தால் கைக்காசு போகும்.

இது கற்பனை இல்லை என்பதற்குச் சாட்சி மணல். சென்னைக்கு மணல் கொடுத்தது பாலாறு. அள்ளி அள்ளி அது ஓய்ந்ததும் லாரிகள் தெற்கே போயின, கடைசியில் திருச்சி, கரூர் வரை காவிரிக்குப் போயின. 2003 அக்டோபரில் மாநில அரசு ஆற்று மணல் குவாரிகளைத் தனியாரிடமிருந்து எடுத்துப் பொதுப்பணித்துறையிடம் கொடுத்தது. பல ஆறுகள், பல குத்தகைக்காரர்கள் என்று இருந்த சந்தைக்கு ஒரே வாசல். நிலத்தடி நீரையும் ஆற்றையும் காப்பாற்றக் கட்டுப்பாடு தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வாசல் ஒன்று என்றால் அது மூடும் நாளில் எல்லோரும் வெளியேதான்.

அந்த நாள் 2017-இல் வந்தது. அதுவும் எந்த வருடம் பாருங்கள்! 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரை சைட்டுகள் மூழ்கின. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம், வாரக்கூலியும் மணல் லோடும் ரொக்கத்தில் ஓடும் தொழிலில் ரொக்கமே இல்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி, சிமெண்டுக்கு 28 சதவீதம். (2025 செப்டம்பரில்தான் அது 18 ஆனது.) இதற்கு நடுவே மணல் குவாரிகள் ஒவ்வொன்றாக மூட, ஆன்லைனில் பதிவு செய்துவிட்டு லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தன. நவம்பர் 29-ஆம் தேதி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, ஆறு மாதத்தில் மணல் குவாரிகளை மூடுங்கள், புதிதாகத் திறக்காதீர்கள் என்று உத்தரவிட்டது. மலேசியாவிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்த மணலும் வழக்கில் மாட்டிக்கொண்டு துறைமுகத்தில் கிடந்தது. காவிரியும் பாலாறும் ஓடும் நாட்டில் மணல் இறக்குமதி!

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு மேஸ்திரி அண்ணனிடம் அந்த வருடம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னது: "தம்பி, சமாளிக்கறதுன்னா என்ன? பூச்சு வேலைய நிறுத்திட்டு எலக்ட்ரிக் வேலைய முன்னாடி இழுத்தோம். ஹார்டுவேர் கடைக்காரர்கிட்ட ரெண்டு மாசம் தவணை சொன்னோம். சித்தாளுங்கள ஊருக்கு அனுப்பிட்டோம்."

அந்த மூன்று வாக்கியத்தில் எல்லாம் இருக்கிறது. வேலை வரிசையை மாற்றுவது, கடைக்காரரின் கடன், கூலி ஆளின் வயிறு. சின்ன நிறுவனம் வளைந்து கொடுக்கிறது என்று மேலாண்மைப் புத்தகம் பாராட்டும். வளைந்தது யாருடைய முதுகு என்று பார்த்தால் கடைசியில் சித்தாளுடையது. அவருக்குக் கையிருப்பும் இல்லை, கடனும் கிடைக்காது. 2020 மார்ச் ஊரடங்கில் வடநாட்டுத் தொழிலாளர்கள் நடந்தே கிளம்பியதைப் பார்த்தோமே, அதுவும் இதே கணக்குதான்.

தட்டுப்பாடு ஒரு நல்லதும் செய்தது. கருங்கல்லை உடைத்து அரைத்த எம்-சாண்டை அதுவரை வீட்டுக்காரர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். "ஆத்து மணல்தானே?" என்பதுதான் முதல் கேள்வியே. 2016-இல் திருத்தப்பட்ட இந்தியத் தர நிர்ணயம் அதை ஏற்றுக்கொண்டது, 2017 நெருக்கடி அதைச் சைட்டுக்குக் கொண்டு வந்தது. 2023-இல் தமிழக அரசு எம்-சாண்டுக்குத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அதே வருடம் செப்டம்பரில் மணல் குவாரிகளில் அமலாக்கத்துறை சோதனை நடந்து ஆற்று மணல் விற்பனை நின்றபோது, 2017 அளவுக்கு வேலைகள் முடங்கவில்லை. மாற்றுப் பழகியிருந்தது.

ஆனால் பாருங்கள், இப்போது எல்லோரும் கிரஷரை நம்பி நிற்கிறார்கள். 2025 ஏப்ரலில் புதிய கனிம நில வரியை எதிர்த்துக் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது ஜல்லியும் எம்-சாண்டும் ஒரே நாளில் நின்றன. முன்பு மணல் நின்றால் ஜல்லியாவது வரும்! சிமெண்டிலும் அதே போக்குதான். விலைக் கூட்டணி வைத்ததாக 2012-இல் பதினோரு சிமெண்ட் கம்பெனிகளுக்குப் போட்டி ஆணையம் ஆறாயிரம் கோடிக்கு மேல் அபராதம் போட்டது. புகார் கொடுத்தது பில்டர்கள் சங்கம்தான். வழக்கு மேல்முறையீடு, மறுவிசாரணை என்று நீண்டுகொண்டே போனது. 2024 டிசம்பரில் நம் ஊர் இந்தியா சிமெண்ட்ஸே அல்ட்ராடெக் கைக்குப் போனது. விற்பவர் எண்ணிக்கை குறைகிறது, வாங்குபவர் அதே பழைய சின்ன பில்டர். அரசு 2015-இல் 190 ரூபாய்க்குக் கொடுத்த அம்மா சிமெண்ட், சொந்த வீடு கட்டுவோருக்குத்தான், இவருக்கு இல்லை.

அப்படியானால் என்னதான் செய்யலாம்? என் கருத்து, கிடங்கை விட ஒப்பந்தத்தாளில்தான் முதல் வேலை இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித்துறை ஒப்பந்தங்களில் 10சிசி என்று ஒரு பிரிவு உண்டு. நீண்ட கால வேலைகளில் பொருள், கூலி விலை ஏறினால் குறியீட்டெண்ணை வைத்துக் கணக்கிட்டு ஈடு கொடுப்பார்கள். அரசாங்கமே தன் காண்ட்ராக்டருக்கு ஒப்புக்கொண்ட இந்த நியாயம் அடையாறில் ஒரு தனிவீட்டு ஒப்பந்தத்தில் அநேகமாக இருக்காது. சிமெண்ட், கம்பி, மணல் மூன்றுக்கும் ஒப்பந்த நாள் விலையை எழுதி, ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் இருவரும் பாதி, இறங்கினாலும் இருவருக்கும் பாதி என்று நாலு வரி சேர்த்தால் மேலே போட்ட கணக்கில் அந்த மனிதர் நடுத்தெருவுக்கு வரமாட்டார். வீட்டுக்காரருக்கும் லாபம்தான், பாதியில் ஓடிப்போகிற பில்டரை விட இது மலிவு. இதைச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்கவும் முடியாது. ரெரா சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும், எட்டு ஃபிளாட்டுக்கு மேற்படாத திட்டத்துக்கும் பதிவு கட்டாயமில்லை. இரண்டு கிரவுண்ட் என்பது 446 சதுர மீட்டர். மயிலாப்பூரின் பாதி வேலைகள் அதற்குள் அடங்கிவிடும்.

மூலப்பொருளைப் பொறுத்தவரை, அடுத்த குவாரி இந்த ஊருக்குள்ளேயே இருக்கிறது. கட்டட இடிபாடுகளை அரைத்து மணலும் ஜல்லியுமாக ஆக்க மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலைகள் அமைத்திருக்கிறது, ஒவ்வொன்றும் நாளுக்கு 400 டன் அளவில். அந்தச் சரக்கைத் தளத்துக்குப் போட வேண்டாம், நடைபாதைக் கல்லுக்கும் அடித்தள நிரப்பலுக்கும் தாராளமாகப் போடலாம். மயிலாப்பூரில் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு இடிபடும்போது இடிப்பவர் முதலில் விலை பேசுவது தேக்குச் சட்டங்களுக்குத்தான். எண்பது வருடத்துக்கு முன் கப்பலேறி வந்த மரத்துக்கு இன்றும் கிராக்கி இருக்கிறது. மீதிச் செங்கல்லும் சுண்ணாம்பும் ராத்திரியோடு ராத்திரியாக லாரியேறி ஏதோ ஒரு ஏரிக்கரைக்குப் போகின்றன. மறுநாள் காலை அதே மனைக்கு, நூறு கிலோமீட்டர் தாண்டி, எம்-சாண்ட் வருகிறது.